மாடு தொடாத தட்டு

பெங்களூரு
27.1.2025

குந்தவை,

நீ என் நம்பரை பிளாக் செய்திருக்கிறாய் என்று புரிய எனக்கு நான்கு நாள் ஆனது. நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்தேன். உங்கள் ஊரில் எது நடக்காவிட்டாலும் நெட்வொர்க்தான் காரணம் என்று உன் அண்ணன் எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் இந்தக் கடிதம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் தமிழில் நான்கு வரி சேர்ந்தாற்போல எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொள். அது உனக்கு நன்றாக வரும்.

கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, உன் அப்பா மனசு இறங்கி வரச் சொன்ன முதல் பொங்கல். மூன்று நாள் உங்கள் வீட்டில் இருந்தேன். மூன்று நாளும் நீ கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். 'கூச்ச சுபாவம்' என்று உன் அண்ணன் சொன்னார். கடைசி நாள் நான் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உன் கூச்சம் தெளிந்தது. கண்ணாடிப் பக்கம் வந்து ஒரே ஒரு வாக்கியம் பேசினாய்.

"மாடுகூடத் தொடல அண்ணி."

நான் செய்த பேக்டு பாஸ்தாவை, என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த கண்ணாடித் தட்டோடு, மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாட்டுக்கு வைத்தாய். வைத்ததோடு விடாமல் எனக்கு ரிப்போர்ட் கொடுக்கவும் வந்தாய்.

அந்த ஓவன் உங்கள் வீட்டுக்காக நான் வாங்கி வந்தது. பெங்களூரிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். 'புது அடுப்பு, முதல்ல பால் பொங்கணும்' என்று உன் அம்மா ஒரு சொம்புப் பாலை உள்ளே வைக்கச் சொன்னார். இருபது நிமிடம் பொங்கவில்லை. பிறகு பொங்கியது. சூடேற்றும் கம்பியில் வழிந்து 'டப்' என்றது, வீட்டில் கரண்ட் போனது, ஓவனும் போனது. பதினாறு பேர் சுற்றி நின்றீர்கள். ஒருவர் வாயிலிருந்தும் ஒரு 'ஐயோ' வரவில்லை. உன் சித்தப்பா மட்டும், "பொங்கிருச்சுல்ல, அது போதும்" என்றார்.

எனக்கு என் தட்டு வேண்டும். கழுவி, ஒரு தடவைக்குப் பத்து தடவை கழுவி, கூரியரில் அனுப்பு. உங்கள் வீட்டிலிருந்து எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வித்யாலக்ஷ்மி


நன்னிலம்
5.2.2025

அண்ணிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். நீங்களும் போடவில்லை.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு தபால்காரர் நாகநாதன் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "வீரையண்ணே, பெங்களூர்லேருந்து ஒம் பொண்ணுக்கு வந்திருக்குண்ணே!" அப்பா களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தார். பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"யாரு எழுதிருக்கா?"

"அண்ணி."

"என்னவாம்?"

"தட்டு வேணுமாம்."

அப்பா மறுபடி நெல் கிளறப் போய்விட்டார்.

நான் கதவோரம் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்கிறவர்களுக்குத்தான் எல்லாம் தெரியும். உங்கள் தாத்தா திருவிடைமருதூர்ப் பக்கம் வரப்பில் குடை பிடித்து நின்று நடவு பார்த்தவர் என்று அண்ணன் பெருமையாகச் சொல்லும். நீங்கள் எங்கள் அடுப்படியில் அப்படித்தான் நின்றீர்கள். "இதை நறுக்குங்க, அதைக் கழுவுங்க, பால் எடுங்க." குழாய் குழாயாக மாவுத் துண்டு. அதன் மேல் வெண்ணெயும் மைதாவும் பாலும் போட்டுக் கிண்டிய ஒன்று. மைதாவைக் காய்ச்சினால் எங்கள் ஊரில் சுவரொட்டி ஒட்டுவார்கள். உங்கள் ஊரில் அதற்குப் பெயர் வைத்து விருந்தாளிக்குப் போடுகிறீர்கள்.

ஓவன் போனபிறகு அதை அப்படியே, வேகாமல், தோசைக்கல்லில் வைத்துச் சூடாக்கிப் பரிமாறினீர்கள். எல்லோரும் ஒரு கரண்டி வாங்கினார்கள். வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. அத்தை அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு செம்பருத்தி வரைக்கும் நடந்துபோய்த் துப்பியது. பெரியப்பா மட்டும், "நல்லாருக்கும்மா, வெந்துச்சுன்னா இன்னும் நல்லாருக்கும்" என்றார். அப்பா சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள்தான் சொன்னீர்கள். அண்ணனிடம், ஆங்கிலத்தில். இதெல்லாம் இவர்களுக்கு வீண் என்று நான் அப்போதே சொன்னேனே, என்று.

எனக்கு ஆங்கிலம் பேச வராது. கேட்டால் புரியும். மூன்று வருடம் கெமிஸ்ட்ரியை அதில்தான் படித்தேன். அந்தக் கூடத்தில் உங்கள் இருவரையும் விட்டால் அது எனக்கு மட்டும்தான் புரிந்தது. அதனால் நான் ஒருத்திதான் அதை விழுங்க வேண்டியிருந்தது. அது உங்கள் பாஸ்தாவைவிட இறங்கச் சிரமமாக இருந்தது.

வீண் என்றீர்கள். எங்கள் வீட்டில் எதையும் வீணாக்குவதில்லை. மாட்டுக்கு வைத்தேன். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நடந்ததைத்தான் சொன்னேன்.

தட்டைக் கூரியரில் அனுப்ப மாட்டேன். வழியில் உடைந்தால் அதற்கும் இந்த ஊரைத்தான் சொல்வீர்கள்.

குந்தவை


பெங்களூரு
14.2.2025

குந்தவை,

உன் ஆங்கிலத்துக்கு என் வாழ்த்து. சொன்னேன், மறுக்கவில்லை. காலையிலிருந்து விறகடுப்புப் புகையில் நின்று, பதினாறு பேருக்குக் காய் நறுக்கி, கடைசியில் ஒரு அத்தை அதைச் செம்பருத்திக்கு உரமாகப் போட்டதைப் பார்த்த ஒருத்தி என்ன சொல்வாளோ அதைச் சொன்னேன். ஆமாம், நானும் பார்த்தேன். கதவோரம் நிற்காமலே எனக்கும் கண் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாத விஷயம்.

உன் அண்ணன் நாலு நாளாக என் பின்னால் சுற்றுகிறார். காபி போட்டுக் கொடுக்கிறார். துணி மடிக்கிறார். நேற்று கேட்டேன், "மதி, என்ன வேணும் உங்களுக்கு?" வந்தது. உனக்கு இங்கே உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டுமாம். அண்ணன் வீட்டில் தங்கினால் போ, ஹாஸ்டல் என்றால் வேலையே வேண்டாம், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று உன் அப்பா சொல்லிவிட்டாராம். பின்னறையை உனக்குக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

அந்தப் பின்னறையில் நான் வேலை பார்க்கிறேன். என் மேஜை அங்கே இருக்கிறது, என் புத்தகம் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம். அதை உன் அண்ணனும் ஒத்துக்கொண்டார். எனக்குத் தட்டு கொடுக்காதவளுக்கு நான் அறை கொடுக்க வேண்டும்!

உணவுப் பரிசோதனைக் கூடம்! அங்கே மாட்டை வைத்துத்தான் பரிசோதனை செய்வாய் என்று இன்டர்வியூவில் சொன்னாயா?

சரி. மன்னிப்புக் கேள் என்று எழுத நினைத்தேன். நீ கேட்டாலும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் கேட்பாய். அதனால் வேறு ஒன்று. நான் கொண்டுவந்ததில் இரண்டு பாக்கெட் பாஸ்தா உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கிறது. சுவரொட்டிப் பசைதானே, உனக்கு எவ்வளவு நேரம்? நீ செய். உன் அப்பாவை ஒரு தட்டு, முழுத் தட்டு, சாப்பிட வை. சாப்பிட்டார் என்று எனக்கு எழுது. அறை உனக்கு.

முடியாது என்றால் மாப்பிள்ளை பார்க்கச் சொல்.

வித்யாலக்ஷ்மி


நன்னிலம்
23.2.2025

அண்ணிக்கு,

வேலையைப் பற்றி நான் எழுதாததற்குக் காரணம், உங்களிடம் எதையும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். அண்ணன் கேட்டதற்கு நான் பொறுப்பு இல்லை.

ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண் படித்து முடித்தால் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அடுத்த வருடம் அதன் பக்கத்தில் கல்யாண போட்டோ வரும். அந்த ஆணியை அப்பா இப்போதே அடித்து வைத்திருக்கிறார். அதனால் உங்கள் நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டேன். விருப்பத்தோடு ஒத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம்.

நேற்று ஒரு பாக்கெட்டைச் செய்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அரை மணி நேரம் ஊறவைத்தேன். ஊறாத எதையும் எங்கள் வீட்டில் உலையில் போடுவதில்லை. உலை கொதித்ததும் போட்டேன். பாக்கெட்டில் ஒன்பது நிமிடம் என்று எழுதியிருந்தது. ஒன்பது நிமிடத்தில் எது வேகும்? ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. சோற்றில் அப்படி இருந்தால் சாப்பிட்டவருக்கு வயிற்றுவலி. அந்தப் புள்ளி போகிற வரைக்கும் கொதிக்கவிட்டேன். பிறகு தட்டைப் போட்டுக் கவிழ்த்துக் கஞ்சி வடித்து, பத்து நிமிடம் சாய்த்து வைத்தேன்.

திறந்து பார்த்தபோது துண்டுகள் இல்லை. ஒரே துண்டுதான் இருந்தது. பானையின் வடிவத்தில்.

அம்மா ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "கூழு நல்லாருக்குடி, கொஞ்சம் மோர் ஊத்தினா தேவலாம்" என்றாள். அப்பா வயலிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

இவ்வளவுதான் நடந்தது. இன்னும் ஒரு பாக்கெட் இருக்கிறது. ஒன்பது நிமிடம் என்று போட்டவனும் அதை நம்பி வாங்கியவர்களும் எங்கள் ஊரில் ஒரு நாள் சோறு வடித்தால் தெரியும்.

குந்தவை


பெங்களூரு
3.3.2025

அரிசிக்காரிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை, வாரம் ஒரு நாள் மட்டும் போகிற ஆபீசில் படித்தேன். பக்கத்து சீட்டு ஷைலஜா என்ன ஆயிற்று என்று கேட்டாள். பானை வடிவத்தில் பாஸ்தா செய்த ஒருத்தி எனக்கு உறவு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

அந்த வெள்ளைப் புள்ளியைத் தொலைத்துவிட்டாயே, அதற்காகத்தான் இத்தனை பாடும். நசுக்கிப் பார்க்காதே. கடித்துப் பார். உள்ளே கொஞ்சம் கடிபடும்போதே வடித்துவிட வேண்டும். மீதி வேக்காடு ஓவனுக்குள். ஊறவைக்காதே. தண்ணீரில் உப்பை அள்ளிப் போடு. கவிழ்த்து, சாய்த்து, தூங்கவைக்காதே. வடிதட்டில் கொட்டி ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் குலுக்கு. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு பாக்கெட்டில் எழுதியிருப்பதை நம்ப முடியவில்லை என்றால் பரிசோதனைக் கூடத்தில் போய் என்ன செய்வாய்?

உன் சுவரொட்டிப் பசைக்கு: வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போகிற வரை வறு. நிறம் மாறக் கூடாது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று, கையை நிறுத்தாதே. தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கும்போது இறக்கு. மிளகுத்தூள். வதக்கிய வெங்காயம், கேரட், பீன்ஸ். எல்லாவற்றையும் கலந்து, மேலே சீஸைத் துருவிப் போட்டு, மேல்பக்கம் சிவக்கிற வரைக்கும் உள்ளே வை. எதற்குள் என்று கேட்காதே. ஓவனை உங்கள் பால் குடித்துவிட்டது. அது உன் கவலை.

ஒன்று சொல்கிறேன், இதை வைத்து என்னைக் கேலி செய்தால் செய்து கொள். எனக்கு உருப்படியாக வருவது இந்த ஒரு சாப்பாடுதான். சாம்பார் வைத்திருந்தால் உன் அம்மா சாம்பார் பக்கத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். பொரியல் என்றால் உன் அத்தை பொரியல் இருக்கும். எதன் பக்கத்திலும் வைத்துப் பார்க்க முடியாத ஒன்றாகச் செய்துவிடலாம் என்றுதான் இதை எடுத்துக்கொண்டு வந்தேன். அத்தனை பேர் மத்தியிலே அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நீ ஒரு மாட்டைக் கண்டுபிடித்தாய்.

அன்றிலிருந்து நான் இதைச் செய்யவில்லை. உன் அண்ணன் இரண்டு தடவை கேட்டார். தட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வி.


நன்னிலம்
12.3.2025

அண்ணிக்கு,

இரண்டாவது பாக்கெட்டை நேற்று செய்தேன். நீங்கள் சொன்னபடி கடித்துப் பார்த்து வடித்தேன். வேகாததை வெந்தது என்று நம்பி இறக்குவது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. பசை கட்டி தட்டவில்லை. சீஸ் வாங்கத் திருவாரூர் போய்வந்தேன். அதன் வாசனையை அம்மா முகர்ந்து பார்த்து, "கெட்டுப்போனதை ஏமாத்திக் குடுத்துட்டாண்டி" என்றாள்.

எதற்குள் வைப்பது என்று கேட்கக் கூடாது என்றீர்கள். கேட்கவில்லை. ரைஸ் மில்லிலிருந்து ஒரு சாக்கு உமி கொண்டுவந்தேன். பெரிய இரும்புச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணல். அதன் மேல் எவர்சில்வர் கிண்ணத்தில் பாஸ்தா. சட்டியைச் சுற்றி உமியைக் கொட்டி மூட்டம் போட்டேன். உமி எரியாது, கனன்றுகொண்டே இருக்கும். மூடி மேல் கொட்டாங்கச்சித் தணல். மணலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது போடுகிற சத்தத்தில் சூடு பார்த்தேன். முக்கால் மணி நேரம். அம்மா இருமி இருமி என்னையும் உங்களையும் சேர்த்துத் திட்டினாள். திறந்தபோது மேல்பக்கம் பணியாரத்தின் அடி மாதிரி சிவந்திருந்தது. உங்கள் கண்ணாடித் தட்டில் செய்யவில்லை. அது அலமாரியில் இருக்கிறது.

அப்பா உளுந்து வயலிலிருந்து வந்து கை கழுவி உட்கார்ந்தார். தட்டு நிறைய வைத்தேன்.

"என்னது?"

"பாஸ்தா."

"அந்தப் பொண்ணு செஞ்சுச்சே, அதுவா?"

"அதான். நான் செஞ்சேன்."

ஒரு வாய் சாப்பிட்டார். "அன்னைக்கு வேற மாதிரி இருந்துச்சு."

"அன்னைக்கு வேகலப்பா."

"வெந்திருந்தா இப்பிடி இருந்திருக்குமா?"

"இதவிட நல்லாருந்திருக்கும்."

எனக்குத் தெரியாமல் வாயில் வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டார். அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். பாதித் தட்டு வரைக்கும்தான். "போதும்மா, நெஞ்சுல நிக்கிது" என்று எழுந்துவிட்டார். மீதியை அம்மா சாப்பிட்டாள்.

முழுத் தட்டு என்றீர்கள். பாதிதான். முழுத் தட்டு என்று எழுதியிருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். எழுதக் கை வரவில்லை. அதனால் அறை எனக்கு இல்லை. இருபத்தைந்தாம் தேதிக்குள் பரிசோதனைக் கூடத்துக்கு, வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிடுவேன்.

தோற்ற பிறகு சொன்னால் சலுகை கேட்கிறேன் என்று ஆகாது. அதனால் இன்னொன்றும் எழுதுகிறேன். ஓவனோடு ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. போகி அன்று ராத்திரியே அதை முழுக்கப் படித்தேன். தண்ணீர், பால் எதுவும் கம்பியில் படக் கூடாது என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அம்மா சொம்பை எடுத்தபோது எனக்குத் தெரியும். நீங்கள் சூட்டைக் கூட்டியபோதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் அதைக் கூச்சம் என்று நினைப்பார்கள், என் வாய் திறக்காததற்கெல்லாம் அதுதான் பெயர். அது கூச்சம் இல்லை. குடை பிடித்து நின்றவர் பேத்தி எப்படி முழிக்கிறாள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

பார்த்தேன். நான் நினைத்த மாதிரி அது இனிக்கவில்லை.

குந்தவை


பெங்களூரு
19.3.2025

குந்தவை,

அந்தப் புத்தகத்தை நீ ஒருத்திதான் படித்தாய் என்று எவ்வளவு நிச்சயம் உனக்கு! ஒரு வீட்டில் பட்டம் வாங்கிய முதல் பெண்ணுக்கு வருகிற வியாதி இது, உலகத்தில் தனக்கு மட்டும்தான் எழுத்து தெரியும் என்று.

எனக்கும் தெரியும். என் வீட்டில் இதே மாதிரி ஓவனை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். பால் வழிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

உன் அம்மா அந்த மூன்று நாளில் என்னிடம் என்ன பேசினார் என்று யோசித்துப் பார். "தண்ணி அங்க இருக்கு." "சோப்பு அங்க இருக்கு." அவ்வளவுதான். நான் அந்த வீட்டில் ஒரு மணியார்டர் மாதிரி இருந்தேன், யார் கையெழுத்துப் போட்டு வாங்குவது என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்குப் பாலை எடுத்துக்கொண்டு வந்து, என் கையில் சொம்பைக் கொடுத்து, "நீயே வையி ஆத்தா, ஒங் கையால" என்றார். சொம்பு சூடாக இல்லை, ஆனாலும் தன் முந்தானையால் பிடித்துக் கொடுத்தார். 'ஆத்தா' என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "வேண்டாம், புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறது" என்றா?

ஓவன் போனால் போகட்டும் என்று வைத்தேன். இருபது நிமிடம் பொங்கவில்லை. உன் அத்தை உன் சித்தியைப் பார்த்தார். உன் சித்தி என் நெற்றியைப் பார்த்தார். பொங்காமல் விட்டால் அந்தப் பழி யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியாதா? நானேதான் சூட்டைக் கூட்டினேன். பொங்கியது. பொங்கியதற்கு விலையாகச் சாப்பாடு வேகவில்லை. அதற்கு உங்களில் ஒருவராவது "பரவால்லம்மா" என்று சொல்லியிருந்தால் நான் அந்த ஆங்கிலத்தைப் பேசியிருக்க மாட்டேன். பேசினேன். அது அசிங்கமான பேச்சு. நீ அதை உன் அப்பாவுக்குத் தமிழில் சொல்லாமல் விட்டாய் என்று உன் அண்ணன் சொன்னபோது எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. பெருந்தன்மையை நான் உன்னிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

ஆக, நீ தெரிந்து பேசாமல் நின்றாய். நான் தெரிந்து வைத்தேன். இரண்டு படித்த முட்டாள்கள், நடுவில் ஒரு சொம்பு.

நிபந்தனைக்கு வருகிறேன். பாதித் தட்டுக்குப் பாதி அறை. மீதிப் பாதியில் என் மேஜை இருக்கும், காலையில் ஒன்பதிலிருந்து ஆறு வரைக்கும் நானும் இருப்பேன். நீ அப்போது உன் பரிசோதனைக் கூடத்தில் இருப்பாய். கூடத்துக்கு நீ எதுவும் எழுதித் தொலைக்காதே. உமி சாக்கைக் கொண்டுவராதே, அபார்ட்மென்ட் செக்ரட்டரி ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுவார். தட்டைக் கொண்டுவா.

ஒன்று மட்டும். கோபமெல்லாம் எப்படியோ இறங்கிவிட்டது, உன் வாக்கியம் மட்டும் இறங்கவில்லை. காய் நறுக்கும்போது, பால் காய்ச்சும்போது, காதுக்குள் கேட்கிறது. மாடுகூடத் தொடல அண்ணி. அதை மட்டும் நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வித்யா


நன்னிலம்
25.3.2025

அண்ணிக்கு,

சனிக்கிழமை மயிலாடுதுறையில் ரயில் ஏறுகிறேன். ஞாயிறு காலை அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்தால் போதும். இரண்டு நாளாக அப்பா என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு, ரெண்ட எறக்கு" என்கிறார். அம்மா இறக்கியதைவிட அதிகமாக ஏற்றுகிறாள். நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு ஜாடி உங்களுக்கு. பாஸ்தாவுக்குத் தொட்டுக்கொள்ள என்று அப்பா சொல்லச் சொன்னார். அதை உங்கள் மேஜை இருக்கிற பாதியில் வைக்க மாட்டேன்.

புது அறைக்குப் பால் காய்ச்ச வேண்டுமாம், அம்மா சொல்கிறாள். "அடுப்புல மட்டும்மா" என்றேன். "ஏன், அவ வீட்டுல அந்தப் பொட்டி இருக்குல்ல?" என்றாள். அந்தப் பெட்டி எப்படிப் போனது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கரண்ட் கம்பெனிக்காரன் மேல் பழி போட்டு வைத்திருக்கிறாள். நானும் நீங்களும் சொன்னால்தான் உண்டு. நான் சொல்லப்போவதில்லை.

உங்கள் தட்டு அரிசி மூட்டைக்குள் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் இருபது கிலோ பொன்னி. கூரியரைவிட இது நல்லது. உடையாது.

உங்கள் நம்பருக்குப் போட்ட பிளாக்கை இன்னும் எடுக்கவில்லை. இதை எழுதி முடித்துத் தபாலில் போட்ட பிறகு எடுப்பேன். போனில் கேட்டீர்கள் என்றால் எனக்கு வாய் வராது. நேரில் சுத்தமாக வராது.

நீங்கள் காரில் உட்கார்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தீர்கள். அதனால் கொட்டில் உங்களுக்குத் தெரியவில்லை. செவலை முகர்ந்து பார்த்தது உண்மை. முகத்தைத் திருப்பியதும் உண்மை. திருப்பி என்னைப் பார்த்தது. இது எனக்குத்தானா என்று கேட்பது மாதிரி. பிறகு தட்டுக்குள் வாயை வைத்தது, எடுக்கவே இல்லை. மூலையில் ஒட்டியிருந்த சீஸை நக்கியபோது தட்டு தரையில் நகர்ந்து நகர்ந்து போனது. உடைந்துவிடும் என்று நான் காலால் பிடித்துக்கொண்டேன். முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று என் கையை நக்கியது. கழுவியது மாதிரி இருந்த அந்தத் தட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் உங்கள் கார் கண்ணாடிப் பக்கம் வந்தேன். வந்து அப்படிச் சொன்னேன்.

நான் வந்து இறங்குவதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். படித்த பிறகு அறை இல்லை என்றால் அண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள், ஸ்டேஷனிலேயே திரும்பிவிடுகிறேன். தட்டை மட்டும் அண்ணன் கையில் கொடுத்துவிடுவேன்.

இதற்காக ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். செவலை சுவரொட்டியையும் தின்னும்.

குந்தவை